கழுகுமலையில் கைகளைப் பாருங்கள்

பழைய நெல்லைச் சீமையின் கழுகுமலைக்குப் போகிறவர்கள் பாறையைக் குடைந்தெடுத்த வெட்டுவான் கோயிலில் முகங்களைத்தான் ரசிக்கிறார்கள். கைகளையும் பாருங்கள்.

தட்சிணாமூர்த்தி என்றால் நமக்குப் பழகிய கோலம் ஒன்று உண்டு. வலக்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த சின்முத்திரை, காலடியில் முயலகன், வாய் திறக்காமல் போதிக்கும் குரு. 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியச் சிற்பியோ அவர் கைகளில் மிருதங்கத்தைக் கொடுத்துவிட்டான். மௌனகுரு வாசிக்கிறார்! கோயிலே பாதியில் நின்றுபோன வேலை. ஆனாலும் இந்தத் துணிச்சலை முடித்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இதற்கு ஈடு வேறில்லை.

அப்புறம் அதே மலையில் சமணச் சிற்பங்கள். வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அபயம் காட்டும் கை இல்லை, வரம் தரும் கை இல்லை. தனக்குள் அடங்கிவிட்டவருக்கு அது தேவையில்லை என்பதைத்தான் அந்தக் கைகள் சொல்கின்றன. சமணத் துறவி பாகுபலி இன்னும் ஒருபடி மேலே. நின்றபடியே தவம், கைகள் நேராகத் தொங்குகின்றன, உடம்பில் கொடி சுற்றியும் அசைவில்லை. பக்கத்தில் சகோதரிகள் பிராமியும் சுந்தரியும்.

கோவில்பட்டியிலிருந்து பக்கம்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சிற்பத்தின் முன்னாலும் அதேபோல் கையை வைத்து, உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.