வௌவால் ஆய்வுக் கள உதவியாளர் தேர்வு: காலிக் கட்டம் விடாதீர்கள்

போன வாரம் முடிவு வந்தது. இரண்டாம் முயற்சியில் தேர்வாகிவிட்டேன். நேர்காணலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆளை முடிவு செய்வது இரவுச் செய்முறைதான்.

முதல் முறை கெடுத்தது டேட்டா ஷீட்டில் விட்ட காலிக் கட்டங்கள். நெட்டிலிங்க மரத்திலோ கூந்தற்பனையிலோ இருக்கும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலின் கூடாரத்தை (ஆண் இலை, தண்டுகளைக் கடித்து அமைக்கும் தங்குமிடம்) 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கச் சொல்வார்கள். பார்த்தீர்கள், வௌவால் இல்லை: 0 போடுங்கள். இலை மறைத்தது, டார்ச் அணைந்தது, பார்க்க முடியவில்லை: கோடு போடுங்கள். இரண்டையும் காலியாக விட்டால், ஆண் வௌவால் கூடாரத்தைவிட்டுப் போன நேரமும் நீங்கள் கண்ணெடுத்த நேரமும் கணக்கில் ஒன்றாகிவிடும். ஆண் எவ்வளவு நேரம் காவல் இருக்கிறது என்பதே கேள்வி என்றால், அந்த இரவின் தாள் முழுக்க வீண். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஊகத்தை எழுதாமல் கண்டதை மட்டும் எழுதுங்கள். "பெண்ணை அழைக்கிறது" என்று எழுத வேண்டாம். "இறக்கை விரித்தது, 3 முறை" என்று எழுதுங்கள். பென்சிலே நல்லது, பனியில் மை கரையும். வெள்ளை டார்ச் கூடாது, சிவப்பு வெளிச்சம்தான். பேசாமல் ஒரே இடத்தில் உட்காரப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி எளிது.

வௌவால் பிடிக்கக் கட்டும் வலையில் கவனிக்க வேண்டியவை:

- ஒவ்வொரு அடுக்கிலும் வலை பைபோலத் தொங்கும் அளவு தொய்வு வேண்டும். இழுத்துக் கட்டினால் வௌவால் மோதித் திரும்பிவிடும்.
- 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். தாமதித்தால் நூலில் முறுக்கிக்கொள்ளும். பழந்தின்னி நூலைக் கடித்தே அறுத்துவிடும்.
- எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அந்தப் பக்கமிருந்தே எடுங்கள். கால் முதலில், பிறகு இறக்கை, தலை கடைசி.
- வயிற்றில் குட்டி தொங்கினால் அளவெடுக்க வேண்டாம். தாயையும் குட்டியையும் சேர்த்தே உடனே விடுங்கள்.

முன்கை நீளத்தை இறக்கையை மடித்து, முழங்கை முதல் மணிக்கட்டுவரை வெர்னியர் அளவுகோலில் மூன்று முறை எடுங்கள். வளர்ந்த குட்டைமூக்கனுக்கு 70 மி.மீ. அளவில் வரும். மிகக் குறைந்தால் இறக்கையை விரித்து, விரல் மூட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்: மூட்டருகே வெளிச்சம் ஊடுருவும் பட்டை தெரிந்தால் அது இன்னும் எலும்பாகாத குருத்து, அதாவது இளசு. மூட்டு திரண்டு இருட்டாக இருந்தால் வளர்ந்தது. அளவைத் திரும்ப எடுங்கள். எடையை வௌவாலைப் பையில் போட்டு எடுப்பதால், ஒவ்வொரு வௌவாலுக்குப் பிறகும் காலிப் பையை மறுபடி நிறுங்கள். சிறுநீர் பட்ட பை கனக்கும்.

ரேபிஸ் முன்தடுப்பூசியை விண்ணப்பிக்கும்போதே தொடங்குங்கள். 0, 7, 21ஆம் நாள் என்று போட்டால் மூன்று வாரம் ஆகும். கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊசி போட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழந்தின்னி வௌவால்களிலிருந்து பரவும் நிபா வைரஸ் 2018இல் கோழிக்கோட்டில் வந்த பிறகு கையுறை, முகக்கவசம் பற்றிக் கட்டாயம் கேட்கிறார்கள். கூடாரத்தின் கீழே கிடக்கும் பாதி கடித்த பழத்தை வெறுங்கையால் எடுத்தால் அங்கேயே மதிப்பெண் போகும்.