கார்டு நகர்ந்துவிட்டது, சர்வருக்குத் தெரியாது

வேலைகளைக் கார்டுகளாகக் காட்டும் ஒரு செயலியை வடிவமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; கார்டை இழுத்து வேறு இடத்துக்கு நகர்த்தலாம். "கார்டை இழுத்து விட்டதும் அங்கேயே உட்காரணும், லோடிங் எதுவும் வேண்டாம்" என்பார் டிசைனர். "சர்வர் ஏத்துக்கலைன்னா?" என்பார் டெவலப்பர். "பழைய இடத்துக்கே போகட்டும்." பேச்சு அதோடு முடிந்துவிடும். திரைகளை வரைந்து வைக்கும் ஃபிக்மாவில் எல்லாத் திரையும் இருக்கும், அந்தத் 'திரும்பிப் போவது' மட்டும் இருக்காது.

டிசைனர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993இல் சொன்ன கணக்கு இன்றும் மாறவில்லை: 0.1 விநாடிக்குள் திரை அசைந்தால் நம் கையே நகர்த்தியது போலிருக்கும், 1 விநாடி தாண்டினால் எண்ண ஓட்டம் அறுபடும். இதற்குத் துணையாக, 2024 மார்ச்சில் கூகுள் முன்னிறுத்திய ஐஎன்பி (பயனர் தொட்டதற்கு வலைப்பக்கம் எவ்வளவு சீக்கிரம் அசைகிறது என்று பார்க்கும்) அளவையும் சிலர் இழுப்பார்கள். அது பொருந்தாது. 200 மில்லிவிநாடிக்குள் திரையில் அடுத்த காட்சி வரையப்பட்டால் அதற்குப் போதும். காத்திருக்கச் சொல்லிச் சுழலும் ஒரு ஸ்பின்னர் வந்தாலும் கணக்கில் சேரும்.

சிக்கல் வருவது மறுப்பு தாமதமாக வரும்போது. நான்கு விநாடி கழித்து 'முடியாது' என்று பதில் வருகிறது. அதற்குள் பயனர் இன்னும் இரண்டு கார்டை நகர்த்திவிட்டார். முதல் நகர்த்தலுக்கு முன் எடுத்து வைத்த நிலையை அப்படியே மீட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து அழியும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தனி ஐடி கொடுத்து, தோற்றதை மட்டும் திருப்ப வேண்டும். அதிலும், திரை ஓரத்தில் தோன்றி ஐந்து விநாடியில் மறையும் டோஸ்ட் என்ற சின்ன அறிவிப்பை யார் பார்ப்பார்கள்? அந்தக் கார்டிலேயே 'சேமிக்கப்படவில்லை, மீண்டும் முயல்க' என்று நிற்க வேண்டும். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு, மாற்றத்தை அறிவிக்கும் ஏரியா-லைவ் என்ற குறியீடு வழியாகவும் சொல்ல வேண்டும். டிசைனர் வரையாவிட்டால் இதையெல்லாம் டெவலப்பர் இரவோடு இரவாகத் தானே முடிவு செய்வார், அதுவும் சிவப்பு எழுத்தில்.

பணம் கட்டுவதற்கும் நிரந்தரமாக அழிப்பதற்கும் காத்திருக்க வைப்பதே சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஜிமெயில், மெயிலை 5 முதல் 30 விநாடி வரை பிடித்து வைத்துக்கொண்டே 'அனுப்பப்பட்டது' என்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் பொய். அந்தப் பொய்யால்தான் 'அன்டூ' கிடைக்கிறது, யாரும் குறை சொல்வதில்லை. அப்படியானால் கார்டு விஷயத்தில் டெவலப்பர் கேட்ட கேள்வி மிகையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் கார்டில் ஸ்பின்னர் வைக்க மனம் வருவதில்லை.