அப்பாவின் குடற்புண் ரத்தக்கசிவும் சிகிச்சை நடந்த வரிசையும்

மூட்டுவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோபெனாக் மாத்திரையையும், இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினையும் என் அப்பா சில மாதங்களாகச் சேர்த்தே சாப்பிட்டு வந்தார். வயிற்றுவலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனதைக்கூட உடம்புச் சூடு என்றே எடுத்துக்கொண்டார். படுக்கையிலிருந்து எழுந்தவர் கண் இருட்டிக்கொண்டு சுவரைப் பிடித்த பிறகுதான் அம்மா என்னை அழைத்தார்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்த வகை பார்க்கவும் மாற்று ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கவும் மாதிரி எடுத்தார்கள். அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மருந்து 80 மில்லிகிராம் ஒரேயடியாகவும், அதன்பின் மணிக்கு 8 மில்லிகிராம் வீதம் தொடர்ந்தும் நரம்பு வழியாகச் சென்றது. அமிலம் குறைந்தால்தான் புண்ணின் மேல் உறையும் ரத்தக்கட்டி கரையாமல் நிற்கும்.

ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. ரத்தம் கொடுக்க மாமா தயாராக நின்றார். டூட்டி மருத்துவரோ அப்போதைக்கு வேண்டாம் என்றார். பொதுவாக 7-க்குக் கீழே இறங்கினால்தான் ஏற்றுவார்கள் என்றும், இதயநோய் உள்ளவர்களுக்கு அந்த எல்லையை 8 என்று வைத்துக்கொள்கிறார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார். பார்சிலோனாவில் 921 நோயாளிகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், தாராளமாக ரத்தம் ஏற்றப்பட்டவர்களைவிட அளவோடு ஏற்றப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்பதைப் பின்னர் படித்தபோது அவர் தயங்கியதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. விடியற்காலையில் அளவு 8-க்குக் கீழே இறங்கியதும் ஒரு யூனிட் ஏற்றினார்கள்.

எண்டோஸ்கோப்பியை இரவே செய்யாமல் காலை வரை காத்திருந்ததும் எங்களை வதைத்தது. ஆனால் ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்தி 24 மணி நேரத்துக்குள் செய்வதே முறை. 6 மணி நேரத்துக்குள் அவசரமாகச் செய்வதால் உயிரிழப்பு குறையவில்லை என்று ஹாங்காங் ஆய்வொன்று 2020-ல் காட்டியிருக்கிறது. உறவினர் கூடி நின்று 'ஏன் இன்னும் எதுவும் செய்யவில்லை' என்று கேட்கும் அந்த நேரத்தில்தான் சிகிச்சையின் முக்கியமான பகுதி நடந்துகொண்டிருக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் குழாயை இறக்கினார்கள். இரைப்பையைத் தாண்டியதும் முன்சிறுகுடலில் புண். அதன் நடுவே கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்குழாய் முனை துருத்திக்கொண்டிருந்ததைப் படத்தில் காட்டினார்கள். சுற்றிலும் நீர்த்த அட்ரினலின் ஊசி போட்டு, அந்த ரத்தக்குழாயின் மேல் உலோகக் கிளிப் பொருத்தினார்கள். அட்ரினலினின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும் என்பதால் அதை மட்டும் போட்டு நிறுத்துவதில்லை. மீண்டும் கசிந்தால் இன்னொரு எண்டோஸ்கோப்பி, அதுவும் பலிக்காவிட்டால் தொடை வழியாக நுண்குழாய் செலுத்தி அந்த ரத்தக்குழாயை அடைப்பது அல்லது அறுவை சிகிச்சை என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அவற்றுக்குத் தேவை வரவில்லை. பான்டோபிரசோல் மட்டும் 72 மணி நேரம் ஓடியது.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கும் உள்ளே ரத்தக்கசிவுதான், ஆனால் கல்லீரல் சுருக்கத்தால் உணவுக்குழாயின் நரம்புகள் புடைத்து வெடித்திருந்தன. அவருக்கு டெர்லிபிரெசின் ஊசியும், ஆன்டிபயாட்டிக்கும், புடைத்த நரம்புகளுக்கு ரப்பர் வளையம் மாட்டுவதும் என்று வேறு வழி.

ஆஸ்பிரினைச் சில நாட்களிலேயே மறுபடி தொடங்கச் சொன்னபோது அம்மா பயந்துபோனார். நிறுத்தியே வைத்தால் மாரடைப்பு அபாயம் அதிகம் என்று மருத்துவர் சொல்லி, அதோடு அமிலம் குறைக்கும் மாத்திரையையும் தொடரச் சொன்னார். டைக்ளோபெனாக்கை அடியோடு நிறுத்தினார். குடற்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இல்லை என்று முதலில் வந்த முடிவை அவர் அப்படியே ஏற்கவில்லை, ரத்தம் கசியும்போது எடுக்கும் மாதிரியில் கிருமி தப்பிவிடக்கூடும் என்பதால். சில வாரங்கள் கழித்துச் செய்த பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்து, 14 நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அது ஒழிந்துவிட்டதா என்பதை மூச்சுப் பரிசோதனையில் பார்த்து உறுதிசெய்த பிறகே அந்தச் சிகிச்சையை முடித்தார்கள்.