தண்ணீர் குடித்தாயா?

போன வாரம் காலை ட்யூட்டியில் மூன்றாம் வருட மாணவி ஒருத்தி வார்டிலேயே சரிந்துவிட்டாள். ஒரு பாட்டிக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தவள், கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், அந்தப் பாட்டிதான் "சிஸ்டர், இந்தப் பொண்ணப் பாருங்க" என்று கத்தினார். ஓடிப்போய்ப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்து பி.பி. பார்த்தால் 80/50. சுகர் சரியாகத்தான் இருந்தது. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வருகிற பெண். வீட்டில் 4.30 மணிக்கு ஒரு டம்ளர் காபி குடித்ததோடு சரி, 11.30 வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போகவில்லை.

"பையில பாட்டில் இருக்கே, ஏன்மா குடிக்கல?"

"குடிச்சா பாத்ரூம் போகணும் மேம். இங்க ஸ்டாஃப் பாத்ரூம் பூட்டியே இருக்கு. ஸ்டூடண்ட்ஸ் கீழ ஓ.பி.க்குத்தான் போகணுமாம். போயிட்டு வந்தா எங்க போன, எவ்ளோ நேரம்னு கேக்கறாங்க."

அவளுக்கு ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இப்போது நர்சிங் கல்லூரியில் டியூட்டர். கொரோனா சமயத்தில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு. ஸ்டாஃப் நர்ஸ். தண்ணீர் குடிக்காமல் ட்யூட்டி பார்ப்பது எப்படி என்று எங்கள் செட் முழுவதும் கற்றுக்கொண்டது அந்த இரண்டு வருடத்தில்தான். அது அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பி.பி.இ. கிட் என்று எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். போடவே 15, 20 நிமிடம் ஆகும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை, மணிக்கட்டைச் சுற்றி மைக்ரோபோர் டேப், என்-95, அதன் மேல் கண்ணாடி, அதற்கும் மேல் முகத்தை மூடும் ஷீல்டு. சென்ட்ரல் ஏ.சி. காற்றில் கிருமி பரவும் என்று வார்டில் ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். கத்திரி வெயில், சென்னை, ஏ.சி. கிடையாது, உடம்பு முழுக்க பிளாஸ்டிக். போட்ட பத்தாவது நிமிடத்தில் முதுகில் வேர்வை ஓட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி முழுக்கப் புகை படிந்து, நரம்பு தெரியாமல் விரலால் தடவித் தடவி வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக் குழாய்) போடுவோம், அதுவும் இரண்டு கையுறைக்கு மேலே. ட்யூட்டி முடிந்து கையுறையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் தண்ணீர் கொட்டும். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கி, துணி துவைத்துக்கொண்டே இருந்த கை மாதிரி இருக்கும். மூக்குத்தண்டில் மாஸ்க் அழுத்தித் தோல் உரிந்துவிட்டது என்று, படுக்கைப் புண் வந்த நோயாளிகளுக்குப் போடும் ஹைட்ரோகொலாய்ட் டிரஸ்ஸிங்கைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒருவர் மூக்கில் ஒருவர் ஒட்டிவிடுவோம்.

6 மணி நேர ஷிப்ட் என்று போர்டில் எழுதியிருக்கும். ஆனால் அடுத்த ஆள் கிட் போட்டு உள்ளே வந்து, நோயாளிகளைப் பற்றிக் கேட்டுப் பொறுப்பு வாங்கி, நாம் வெளியே வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் குளித்து முடிக்க 8 மணி நேரம் ஆகிவிடும். நடுவில் ஒரு தரம் வெளியே வந்தால் அந்த கிட் போச்சு, புதுசு போட வேண்டும், ஆரம்பத்தில் கிட் எண்ணித்தான் கொடுத்தார்கள். அதனால் மதிய ட்யூட்டி என்றால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். பலர் பெரியவர்களுக்கான டயாப்பர் கட்டிக்கொண்டு போனார்கள், நானும்தான். மாதவிலக்கு நாட்களில் இரண்டு நாப்கினும் டயாப்பருமாக, தொடை உரசிப் புண்ணாகி, நடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு. இதை வெளியில் சொல்ல அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

2020 ஜூலையில் எனக்குக் குளிர் ஜுரம் வந்தது. எல்லோரும் கொரோனா என்றுதான் நினைத்தோம், நானும் தனி அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஸ்வாப் நெகட்டிவ். சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாய் எரிந்ததை நான் யாரிடமும் சொல்லவே இல்லை, இடுப்பில் வலி சுருட்டிப் பிடித்த பிறகுதான் சொன்னேன். யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) தொற்று, ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் கல். எங்கள் ஐ.சி.யு.வில் மட்டும் அந்த வருடம் நான்கு பேருக்கு இதே கதை. நாங்கள் படித்த படிப்பு என்ன, அடுத்தவர் எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று இன்டேக் அவுட்புட் சார்ட்டில் ஒவ்வொரு மில்லியாக எழுதுகிற வேலை என்ன, எங்கள் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனதை மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்தோம்.

இதைப் படிக்கிற நர்ஸ் யாராவது இப்போதும் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு ட்யூட்டி பார்த்தால், தயவுசெய்து பார்மசியில் நீங்களே ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். கல்ச்சர் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். நான் முதலில் செய்த தப்பு அதுதான்.

சரி, கிட் போட்டால் வெளியே வர முடியாது, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று அப்போது எங்களிடமே கேட்டார்கள். செய்ய முடியும். ரிலீவர் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றிவிட ஆள் இருந்தால் டயாப்பர் எதற்கு? ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. கொரோனாவுக்கு முன்பே எங்களுக்கு ஆளுக்கு இரண்டு நோயாளி. 2021 மே மாதம், ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு வரிசையில் நின்ற அந்த நாட்களில், ஆளுக்கு நான்கு. ஒருவருக்கு மூச்சுவிட உதவும் பைபாப் மெஷினின் மாஸ்க் நழுவியிருக்கும், இன்னொருவரைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும், மூன்றாமவர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 82 என்று மானிட்டர் கத்தும், நான்காமவர் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுத் தரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார். இதில் நான் தண்ணீர் குடிக்க யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?

ஆள் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் சம்பளத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016ல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான சின்னத் தனியார் மருத்துவமனையில் கூட நர்ஸ் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். நான் வேலை பார்த்தது பெரிய மருத்துவமனை, ஆறு வருட அனுபவத்தோடு 2020ல் நான் வாங்கியது 14,500. கொரோனா வந்து படுத்த நாட்களுக்கு லீவு போட்டுச் சம்பளத்தில் பிடித்தார்கள். பயந்துபோய் ஊருக்குக் கிளம்பிய இரண்டு பெண்களின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் மருத்துவமனை பீரோவில் இருந்தது, இடையில் வேலையை விட்டால் கட்டுவதாக எழுதி வாங்கிய பாண்டு பணத்தைக் கட்டாமல் தரமாட்டேன் என்றார்கள். அந்த வருடத்தைத்தான் உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது, நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம் ஆனதற்காக.

அரசுப் பக்கமும் எளிதாக இல்லை. என்னோடு படித்த ஒருத்தி 2020ல் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் கொரோனா ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். ஆறு மாதம், ஆறு மாதம் என்று நீட்டித்துக்கொண்டே போய் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தினார்கள், அவளைப் போல 2,000க்கும் மேற்பட்டவர்களை. மாற்றுப் பணி தருவோம் என்று அமைச்சர் சொன்னார். அதுவரை அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புத்தாண்டு அன்று அவளுக்கு போன் போட்டேன், என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

வீடு இன்னொரு பாரம். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் கூட்டம் கல்லெறிந்த செய்தியைப் பார்த்த அன்றிரவு அம்மா ஊரிலிருந்து போன் செய்து அழுதாள், "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வந்துடு." அந்த மாதமே மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 7 வருடம் வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. ஆனால் பெரம்பூரில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா என்னைத் தாக்கவெல்லாம் இல்லை. பொதுக் குழாயில் நான் தண்ணீர் பிடித்த பிறகு அதை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார், அவ்வளவுதான். அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது.

மாணவிகளைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

2020 மார்ச்சில் ஹாஸ்டலைக் காலி செய்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் செல்போனில் வகுப்பு. ஊசி போடுவது, கதீட்டர் போடுவது, டிரஸ்ஸிங் எல்லாம் நான்கு அங்குலத் திரையில். டவர் கிடைக்க மொட்டைமாடி ஏறி உட்கார்ந்து, வீட்டில் கத்திரிக்காயில் ஊசி குத்திப் பழகியதாக ஒருத்தி சொன்னாள். 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில், படிப்பு முடித்தவர்களை முழு நேர கொரோனா ட்யூட்டியில் போடலாம், 100 நாள் பார்த்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்று மத்திய அரசு அறிவித்தது. கத்திரிக்காய்ப் பெண் கடைசித் தேர்வை எழுதிவிட்டு அப்போது எங்கள் ஐ.சி.யு.வுக்கு வந்தாள். 21 வயது. சீனியரோடு சேர்த்துத்தான் போட வேண்டும் என்று உத்தரவு, அந்த சீனியர் நான், என்னிடம் ஏற்கெனவே நான்கு நோயாளி.

இரண்டாவது வாரம் இரவு ட்யூட்டியில் ஒருவர் இறந்தார், எங்கள் அப்பா வயதுதான் இருக்கும். உடலில் போட்டிருந்த குழாய்களை எடுத்து, சுற்றி, பையில் வைத்து, வெளிப்புறத்தை 1 சதவீத ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைக்க வேண்டும். கூட அவள் மட்டும்தான். முகத்தை மூடும் இடம் வந்ததும் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அக்கா, பேரு எந்தப் பக்கம் எழுதணும், தலைப் பக்கமா கால் பக்கமா? தப்பா எழுதிட்டா அவங்க வீட்ல மாத்திக் கொண்டு போயிடுவாங்கல்ல?" நான் மார்க்கரை வாங்கி இரண்டு பக்கமும் எழுதினேன். அடுத்த கட்டிலில் அலாரம் அடித்தது, போய்விட்டோம். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவே இல்லை. கவுன்சிலிங் என்று யாரும் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கவும் இல்லை. அவள் இப்போது நர்சிங்கில் இல்லை, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளைம் பார்க்கிறாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தவற்றில் முதல் பாடம், ட்யூட்டிக்கு 3 மணி நேரம் முன்னாலேயே தண்ணீரை நிறுத்திவிடு என்பது. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

கிட் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அன்று ஜூனியராக இருந்தவர்கள் இன்று சீனியர், அவர்களும் மாணவிகளுக்கு அதையே சொல்கிறார்கள், ட்யூட்டியில் அடிக்கடி வெளியே போகிறவள் சோம்பேறி என்று. போஸ்டிங்குக்கு வரும் மாணவி படிக்க வருகிறாள், வார்டு அவளை ஒரு ஆள் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. 40 நோயாளிக்கு பி.பி. பார்க்க, சாம்பிள் கொண்டுபோக, எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போக. ஆள் என்று கணக்கு வைக்கிறவர்கள் அந்த ஆளுக்கு உடம்பு உண்டு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும் அல்லவா.

அந்த மாணவி மயங்கி விழுந்த மறுநாளிலிருந்து என் குழுவை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டேன். ஒருத்தி போனால் மற்றவள் அவளுடைய நோயாளிகளையும் பார்த்துக்கொள்வாள். 9 மணிக்கும் 11 மணிக்கும் நானே வார்டைச் சுற்றி வந்து ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறேன், தண்ணி குடிச்சியா என்று. முதல் நாள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பாத்ரூம் விஷயத்துக்கு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். 26 வருட சர்வீஸ், கண்டிப்பானவர், சண்டை வரும் என்று தயாராகத்தான் போனேன். ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே கேட்டார், நிமிரவில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா சிஸ்டர்."

"எனக்கு ரெண்டு தடவ கல்லு எடுத்திருக்கு. ரெண்டாவது தடவ 2021ல." கோட்டுப் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "டிரஸ்ஸிங் ட்ராலி கொக்கில மாட்டி வைங்க. தொலைக்காம இருக்கணும்."

அதில் ஒரு பழைய சிரிஞ்ச் மூடியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், கண்ணில் படட்டும் என்று. இன்று காலை 11 மணிக்குப் பார்த்தபோது கொக்கில் சாவி இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.