அனுமதி என்ற ஒரு சொல்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளி கிளாஸ் பி எனப்படுகிறது. கவிழ்த்து வைத்த அடுக்குக் கேக்கைப் போல மேலே செல்லச் செல்ல அகலும் அந்த எல்லைக்குள் நுழைய, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வானொலியில் வெளிப்படையாக அனுமதி தந்தாக வேண்டும். கற்றுக்குட்டி விமானிகள் குழம்புகிற இடம் இதுதான் என்பேன். அதைவிடச் சிறிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கிளாஸ் சி வான்வெளியிலோ, கட்டுப்பாட்டாளர் நம் அழைப்புக் குறியைச் சொல்லிக் "காத்திருங்கள்" என்றாலே தொடர்பு ஏற்பட்டதாகக் கொண்டு உள்ளே போகலாம். கிளாஸ் பி-யில் அது செல்லாது. "கிளியர்டு இன்டு பிராவோ" (பி-க்குள் நுழைய அனுமதி) என்பது காதில் விழும்வரை வெளியிலேயே வட்டமிட வேண்டியதுதான்.

ரேடாருக்குப் பதிலளித்து உயரத்தைத் தானாகத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியும் கட்டாயம். 2020 முதல், விமானம் இருக்கும் இடத்தைத் தொடர்ந்து ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியும் சேர்ந்துகொண்டது. இந்தக் கெடுபிடி காரணமின்றி வந்ததன்று. 1986 ஆகஸ்ட் 31 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸ் நகரின் மேலே, அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வந்துவிட்ட சிறிய பைப்பர் விமானமும் ஏரோமெக்சிகோவின் டிசி-9 விமானமும் மோதியதில், தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தனர். அந்தப் பைப்பரில் இருந்த டிரான்ஸ்பாண்டருக்கு உயரத்தைத் தெரிவிக்கும் வசதி இல்லை.