புத்தி சொல்லாத வேலை

தற்கொலைத் தடுப்பு, மனநல உதவி என்று மட்டக்களப்பில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், "அப்ப நீங்க ஆக்களுக்குப் புத்தி சொல்லித் திருத்துறீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புத்தி சொல்ல நம்முடைய ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டில் தொடங்கி கோயில் வீதி வரைக்கும் சொல்லித் தீர்த்துவிடுவார்கள். எங்களுக்குப் போன் எடுப்பவர்கள் அதையெல்லாம் கேட்டு அலுத்துப்போன பிறகு எடுப்பவர்கள்.

ரீலோட் இல்லாததால் பாதிப் பேர் மிஸ்ட் கோல்தான் தருவார்கள், நாங்கள் திருப்பி எடுப்போம். எடுத்தால் சத்தமே வராது. பின்னால் கோழி கத்தும், டிவி ஓடும், பிள்ளை ஒன்று அழும். "சும்மாதான் எடுத்தன்" என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு நாங்களும் பேசாமல் இருக்கவேண்டும். புதிதாக வரும் தொண்டர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் பேசத் தெரிந்தவர்கள்தான் இந்த வேலைக்கு ஆர்வமாக வருகிறார்கள்.

ஒரு அக்கா (ஆளை அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் எழுதுகிறேன்) கிணற்றடியில் நின்று எடுத்தார். நுண்கடன் வசூலிக்க வந்த பொடியன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான், காசு கட்டாமல் எழும்பமாட்டானாம். குழுக்கடன் என்பதால் இவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்டவேண்டும், அவர்களும் அயலவர்கள்தான், நாளைக்கு முகத்தில் முழிக்கவேண்டும். கடனை விட அந்த வெட்கம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. "எல்லாத்தையும் முடிச்சிட்டா நல்லம் போல கிடக்கு தங்கச்சி" என்றார். இப்படி ஒரு சொல் வந்தால் சுற்றிவளைக்கக் கூடாது. "சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அது சரியில்லை, கேட்டவுடன் ஆட்களுக்கு மூச்சு வருகிறது. அவர் அழுதார். வீட்டில் வெள்ளாமைக்கு அடித்த மருந்து மிச்சம் கிடக்கிறதா என்று கேட்டேன், கிடக்கிறது என்றார். அதை மகனிடம் கொடுத்து உடனே மாமன் வீட்டுக்கு அனுப்பினார், பிறகுதான் மற்றக் கதை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், கடன் விஷயத்தை அவரிடம் கொண்டுபோகலாம் என்பதுவரை கதைத்தோம். கடன் அன்றைக்குத் தீரவில்லை, தீர்க்க எங்களால் முடியவும் முடியாது.

இந்த வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்கவேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. 1995 இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை செய்துகொண்டார்கள், 2005 இல் அது 24 ஆகிவிட்டது. அந்தப் பத்து வருடத்தில் போரும் இருந்தது, சுனாமியும் வந்தது, சனத்தின் கவலை பாதியாகக் குறைந்ததென்று எவரும் சொல்லமாட்டார்கள். நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகையும் குறையவில்லை. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1984 இலிருந்து படிப்படியாகத் தடை செய்ததுதான் முக்கிய காரணம், வந்தவர்களில் முன்பைவிடக் கூடுதலானவர்கள் பிழைத்தார்கள். 20 வருடத்தில் 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கவுன்சலிங் கொடுத்து நாங்கள் இதில் எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்று மார்தட்ட இடமில்லை.

அதேநேரம் அனுராதபுரத்தில் 180 கிராமங்களை எடுத்து, அதில் பாதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வைக்க வீடுவீடாகப் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது, 2017 இல் வெளியானது, பலன் தெரியவில்லை. என்னைக் கேட்டால், திறப்பு அந்த வீட்டிலேயே இருக்கும் பெட்டியால் என்ன நடக்கும்? போத்தல் மாமன் வீட்டுக்குப் போவதில் நான் பெரிதாக நினைப்பது, அம்மாவுக்கு இன்றைக்கு மனம் சரியில்லை என்று மகனுக்கும் மாமனுக்கும் தெரிந்துவிட்டதே, அதைத்தான். எழும்பிவரும் அந்த வேகம் அனேகமாக ஒரு இரவுக்குள் தணிந்துவிடும். அந்த இரவுக்கு ஒரு ஆள் கூட இருக்கவேண்டும், அவ்வளவுதான் எங்களுடைய வேலை.

தற்கொலைக்கு முயல்வது 1998 இலிருந்து இந்த நாட்டில் குற்றமில்லை. இன்னும் "பொலிஸ் கேசாகிடும்" என்று பயந்து, ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான், வைத்தியர் சரியான சிகிச்சையைத் தொடங்க அந்தப் பொய்யால் எவ்வளவு நேரம் வீணாகிறது!

இறப்பவர்களில் ஆண்களே அதிகம், ஆனால் எங்களுக்குப் போன் எடுப்பது பெண்கள். அதனால் ஆண்களைத் தேடி, வாவிக்கு மேற்கே வயல் ஊர்கள் இருக்கும் படுவான்கரைப் பக்கம் நாங்களே போகிறோம். முன்பு மண்முனையில் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் படகுக்கு, காத்துக்கிடந்து வாவியைக் கடக்கவேண்டும், 2014 இல் பாலம் திறந்த பிறகு அங்குள்ள கொக்கட்டிச்சோலை கிட்டவாகிவிட்டது. வரம்பில் நின்று கதைத்தால் முதலில் உரவிலை, நெல்விலை, யானை. 2021 இல் இரசாயன உரத்தை நிறுத்திய காலத்தில் வேறு கதையே இல்லை. கவலை என்ற சொல் அவர்கள் வாயில் வராது. கடைசியில் நாங்கள் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்யும்போது, "நித்திரைதான் வருதில்ல, அதுக்கு ஏதும் குளிசை இருக்கா?" என்பார்கள்.

அப்போது இறங்கிவிடவேண்டும். எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, முழித்தால் மனதில் என்ன ஓடுகிறது என்று நித்திரையைப் பற்றியே கதைப்போம். அப்புறம் கிளினிக் நாளைச் சொல்லி, எங்களுடைய இலக்கம் இரவில் வேலை செய்யாது என்பதால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 ஐ, 24 மணித்தியாலமும் தமிழிலும் கதைக்கலாம் என்று சொல்லி, அவர்களுடைய போனிலேயே பதிந்து கொடுப்போம். என்ன பெயரில் போடுவது என்று கேட்டால் அனேகமானவர்கள் "டொக்டர்" என்பார்கள். ஒருவர் மட்டும், மனிசி பார்த்தால் கேள்வி கேட்பாள், "மெஷின் கராஜ்" என்று போடுங்கள் என்றார், அப்படியே போட்டுக் கொடுத்தோம்.