மூலை மழுங்கிய கார்டுகள்

மார்ச் 6, 2025, வியாழன்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிகாகோ பக்கம் பேஸ்பால் கார்டு ஷோ, அதாவது ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகளை விற்கும் சந்தை. வாங்க வேண்டியதை எழுதி வைத்துவிட்டேன், முதலில் டாப்ஸ் கம்பெனி 1956-ல் போட்ட வரிசையில் என்னிடம் இல்லாத எண்ணுள்ள கார்டுகள். மொத்தம் 340 கார்டுகள், எல்லாம் படுக்கைவாட்டில், ஒரு பக்கம் பெரிதாக ஆட்டக்காரரின் முகம், பக்கத்திலேயே அவர் ஆடும் காட்சி. டாப்ஸ் போட்டதிலேயே அழகு இதுதான் என்பேன். 1952 மிக்கி மேண்டில் கார்டு ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனதிலிருந்து, பழைய கார்டு என்றாலே பணக்காரர் சமாசாரம் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். அது கிட்டத்தட்ட புதுசு போலவே இருந்த கார்டு. பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரர், மூலை மழுங்கியது என்றால் 1956 கார்டே ஒரு காபி விலைக்குக் கிடைக்கும்.

மார்ச் 8, சனி

தரம் போட்டுப் பிளாஸ்டிக்கில் அடைத்த கார்டுகள் கண்ணாடிக்குள் மின்னின, அங்கே நிற்கவில்லை. மேசை ஓரத்து அட்டைப்பெட்டிகளில்தான் எனக்கு வேலை. எதை எடுத்தாலும் ஒரு டாலர் என்ற பெட்டியில் 1971 டாப்ஸ் கொத்தாகக் கிடந்தது. ஓரம் முழுக்கக் கறுப்பு என்பதால் லேசாக உரசினாலும் வெள்ளை தெரிந்துவிடும், அதனால்தான் இந்த விலை. மூலை மழுங்கலாம், பின்னால் யாரோ ஒரு பையன் பேனாவில் கிறுக்கியிருக்கலாம், மடிப்பு முகத்தைக் கடக்காமல் இருந்தால் எடுத்துக்கொள்வேன். ஓரத்தை வெட்டிச் சீராக்கியதை மட்டும் தொடமாட்டேன். அதே வருடத்துக் கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு வருடத்துக் கார்டு உதவாது, 1952 முதல் 1956 வரை டாப்ஸ் அளவே பெரியது, 1957-ல்தான் இன்றைய 2½ x 3½ அங்குலத்துக்கு வந்தது.

அப்புறம் கிடைத்தது 1957 ஹாங்க் ஆரோன்! படத்தைத் திருப்பி அச்சிட்டுவிட்டதால் வலக்கை ஆட்டக்காரர் இடக்கைக்காரராக நிற்கும் கார்டு. ஆல்பத்திலிருந்து பிய்த்ததில் பின்பக்கம் காகிதம் உரிந்து பாதி எழுத்தைக் காணோம், முன்பக்கம் நிறம் அப்படியே இருக்கிறது. டீலர் 60 டாலர் கேட்டார், 45-க்குக் கொடுத்தார். கை நடுங்கியது.

மார்ச் 9, ஞாயிறு

கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிய நாள், கூட்டம் குறைவு. மதியத்துக்கு மேல் டீலர்களுக்குப் பெட்டியைத் திரும்பச் சுமக்க மனம் வராது, நாலைந்தைச் சேர்த்துக் கேட்டால் இறங்கி வருவார்கள். அப்படித்தான் 1956 சிலவற்றோடு 1973 ராபர்ட்டோ கிளெமென்டேயும் வந்தது. நிகரகுவா நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்து அவர் இறந்தார், இந்தக் கார்டு கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. சரியாக 3000 ஹிட்டோடு (பந்தை அடித்துவிட்டுப் பேஸைப் பத்திரமாக எட்டுவதுதான் ஹிட்) நின்றுபோன மனிதர். இதில் மடிப்பு இருந்தால் என்ன?

1972 டாப்ஸில் 657 முதல் 787 வரையிலான எண்கள் மட்டும் படியவில்லை. அப்போதெல்லாம் சீசன் முழுக்கத் தவணை தவணையாக வெளியிடுவார்கள், கடைசித் தவணை வரும்போது பையன்கள் ஃபுட்பால் பக்கம் போயிருப்பார்கள், விற்றதும் குறைவு. கசங்கியதற்கே டீலர் 12 டாலர் சொன்னார், வைத்துவிட்டு வந்தேன்.